செத்துப்போன ஜமீன்தார் சாமியாராகத் திரும்பி வந்தார்!

ஒருவர் இறந்துபோனார். வெள்ளைக்கார டாக்டர் மரண சர்டிபிகேட் கொடுத்தார். சிதை எரிந்தது. கருமாதி முடிந்தது. மனைவி விதவைக் கோலம் பூண்டார். இன்சூரன்சு கம்பெனியும் பணத்தைக் கொடுத்துவிட்டது.

12 ஆண்டுகள் ஓடின. ஜடாமுடியும், சாம்பல் பூசிய உடம்புமாக ஒரு சாமியார் வந்து சேர்ந்தார். இறந்துபோன அந்த ஜமீன்தார் தாமே என்றார்!

தம்பியேதான் என்று அக்காள் ஏற்றுக்கொண்டார். இவர் யாரோ ஓர் ஏமாற்றுக்காரர் என்று மனைவி மறுத்தார்.

இது சினிமாக் கதை அல்ல, நாவலும் அல்ல. கோர்ட்டு ரிக்கார்டுகளில் பக்கம் பக்கமாகப் பதிவாகி இருக்கும் வழக்கு. டாக்காவில் தொடங்கி, கல்கத்தா வழியாக லண்டன் வரை போய், 16 ஆண்டுகள் நடந்த "பவால் சன்னியாசி வழக்கு" இதுதான்.

ஒரு மனிதன், தான் யார் என்பதை எப்படி நிரூபிப்பது? கேட்பதற்கு வேடிக்கையான கேள்வி. ஆனால் இந்த ஒரு கேள்விக்கு விடை காண 1,548 சாட்சிகள் கூண்டில் ஏறவேண்டி இருந்தது!

மூன்று குமாரர்கள்

இன்று வங்காள தேசமாக இருக்கும் கிழக்கு வங்காளத்தில், டாக்காவுக்கு வடக்கே இருந்தது பவால் ஜமீன். சுமார் 580 சதுர மைல் பரப்பு. சுமார் 5 லட்சம் மக்கள். ஜெய்தேவ்பூரில் அரண்மனை. கிழக்கு வங்காளத்தின் பெரிய ஜமீன்களில் அதுவும் ஒன்று.

1901-ல் பெரிய ராஜா காலமானார். அவருக்கு மூன்று ஆண் பிள்ளைகள். நடுப்பிள்ளையின் பெயர் ரமேந்திர நாராயண் ராய். "மேஜோ குமார்" - அதாவது நடுக் குமாரர் - என்று ஜனங்கள் அழைப்பார்கள்.

மேஜோ குமாருக்குப் படிப்பு ஏறவில்லை. கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் அதிகம் இல்லை. வேட்டை என்றால் உயிர். யானை, குதிரை, துப்பாக்கி இவைதான் உலகம். பெண் சகவாசமும் உண்டு. அதனால் மேக நோய் பற்றிக்கொண்டது.

1902-ல் விபாவதி தேவி என்ற பெண்ணை அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். குழந்தை இல்லை.

டார்ஜிலிங்கில் ஒரு மே மாதம்

1909 ஏப்ரல் மாதம், குளிர்ச்சியான இடத்தில் ஓய்வெடுக்க மேஜோ குமார் டார்ஜிலிங் போனார். அப்போது அவருக்கு வயது 24. மனைவி விபாவதி, மைத்துனர் சத்யேந்திரநாத் பானர்ஜி, குடும்ப டாக்டர் ஆசுதோஷ் தாஸ்குப்தா, வேலையாட்கள் எல்லாரும் கூடப் போனார்கள்.

தங்கிய பங்களாவின் பெயர் "ஸ்டெப் அசைட்". பிற்காலத்தில், 1925-ல், தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் உயிர் நீத்ததும் இதே பங்களாவில்தான்.

மே மாதத் தொடக்கத்தில் குமாருக்கு வயிற்று வலி கண்டது. டார்ஜிலிங் சிவில் சர்ஜன் கால்வர்ட் வந்து பார்த்தார். பலன் இல்லை. மே 8-ந் தேதி குமார் இறந்துவிட்டதாக ஜெய்தேவ்பூருக்குத் தந்தி பறந்தது. பித்தப்பை வலியால் மரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரவு 11-45 மணிக்கு உயிர் பிரிந்தது என்றும், மறுநாள் காலையில் உடல் எரிக்கப்பட்டது என்றும் ரிக்கார்டு ஆயிற்று.

ஆனால், கருமாதிக்கு முன்பே ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. குமாரின் உடல் எரியவே இல்லையாமே என்பதுதான் அந்தப் பேச்சு.

சாமியார் பிற்காலத்தில் கோர்ட்டில் சொன்ன கதை இது:

அன்று மாலையே குமார் பேச்சு மூச்சு இல்லாமல் போனார். இறந்துவிட்டார் என்று நினைத்து இரவோடு இரவாக மயானத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. தூக்கி வந்தவர்கள் பாடையைப் போட்டுவிட்டு ஒதுங்க இடம் தேடி ஓடினார்கள். மழை விட்டதும் வந்து பார்த்தால் பாடையில் உடல் இல்லை!

பக்கத்தில் தங்கியிருந்த நாகா சாதுக்கள் நால்வர் முனகல் சத்தம் கேட்டு வந்து, உயிர் இருப்பதைக் கண்டு தூக்கிப் போய்விட்டார்கள். இந்தப் பக்கம், போன உடலுக்கு ஈடாக வேறோர் உடலைத் தேடிப் பிடித்து, காலையில் எரித்துக் கணக்கை முடித்தார்கள்.

குமாருக்கு விஷம் கொடுத்தார்கள் என்றும் வாதி தரப்பு சொன்னது. எதிர்த்தரப்பு அதை அடியோடு மறுத்தது. அதற்காக யாரும் தண்டிக்கப்படவும் இல்லை.

உயிர் பிழைத்த குமாருக்குப் பழைய நினைவு போய்விட்டதாம். தாம் யார், எந்த ஊர், எதுவும் தெரியாமல் சாதுக்களோடு ஊர் ஊராக அலைந்தாராம்.

ஆற்றங்கரைச் சாமியார்

இதற்கிடையே ஜமீன் குடும்பம் அழிந்துகொண்டு வந்தது. 1910-ல் மூத்த குமார் மாண்டார். 1913-ல் இளைய குமாரும் போய்ச் சேர்ந்தார். மூன்று பேருக்கும் பிள்ளை இல்லை. மிஞ்சியவர்கள் மூன்று விதவைகள். "கோர்ட் ஆப் வார்ட்ஸ்" என்ற பெயரில் வெள்ளைக்காரச் சர்க்காரே ஜமீன் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. விபாவதி, கல்கத்தாவில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய பங்குப் பணம் அங்கே போய்க்கொண்டு இருந்தது.

1920-ம் ஆண்டின் முடிவில், டாக்காவில் புரிகங்கா ஆற்றங்கரையில் ஒரு சாமியார் வந்து உட்கார்ந்தார். கோவணம், ஜடை, உடம்பெல்லாம் சாம்பல். வெயிலோ மழையோ இடத்தை விட்டு நகரவில்லை. யாராவது பேசினால் இந்தியில் பதில் சொன்னார்.

மேஜோ குமாரைப் பார்த்திருந்த சிலருக்குப் பொறி தட்டியது. முகச்சாயல் அப்படியே இருக்கிறதே!

1921 ஏப்ரல் 12-ந் தேதி, சாமியாரை யானை மேல் ஏற்றி ஜெய்தேவ்பூருக்கு அழைத்துப் போனார்கள். குமாரின் அக்காள் ஜோதிர்மயி தேவி அவரைத் தம் வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பாடு போட்டார். சாமியார் சாப்பிடும்போது கைவிரலை நீட்டிய விதம், கண், காது, கால், எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தார். தம் தம்பிதான் என்ற எண்ணம் அவருக்கு விழுந்துவிட்டது.

தாதியின் பெயர் என்ன?

மே 4-ந் தேதி அக்காள் வீட்டு வாசலில் பெரும் கூட்டம். சாமியார் உண்மையைச் சொல்லாவிட்டால் தான் சாப்பிடப்போவது இல்லை என்று ஜோதிர்மயி பிடிவாதமாக இருந்தார். கடைசியில் சாமியார் வாய் திறந்தார். ரமேந்திர நாராயண் ராய் தாமே என்றார்.

கூட்டத்தில் இருந்தவர்கள் சும்மா விடவில்லை. தகப்பனார் பெயரை ஊரே அறியும்; தாய்ப்பாலுக்குப் பதில் பால் கொடுத்து வளர்த்த தாதியின் பெயர் என்ன என்று கேட்டார்கள். அலோகா என்றார் சாமியார். அவ்வளவுதான், கூட்டம் ஆரவாரம் செய்தது. மேஜோ குமார் வாழ்க என்று கோஷம் எழுந்தது.

குமாரின் பாட்டி ராணி சத்தியபாமா தேவியும் அவரைப் பேரனாக ஏற்றுக்கொண்டார். பாட்டி 1922-ல் காலமானபோது ஈமச் சடங்கு செய்தவர் இந்தச் சாமியார்தான்.

சர்க்காருக்கோ இது பெரிய தலைவலி. காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த சமயம் அது. சர்க்கார் நிர்வாகத்தில் இருக்கும் ஜமீனில், குடியானவர்கள் ஒரு சாமியாரை ராஜா என்று கொண்டாடினால் சும்மா இருக்க முடியுமா?

டாக்கா கலெக்டர் லிண்ட்சே, ஜூன் 3-ந் தேதி ஒரு நோட்டீசு போட்டார். மேஜோ குமாரின் உடல் 12 ஆண்டுக்கு முன்பே டார்ஜிலிங்கில் எரிந்துவிட்டது. இந்தச் சாமியார் போலி. இவரிடம் யாராவது நில வரி கட்டினால் அது அவர்கள் பொறுப்பு என்று அதில் கண்டிருந்தது. தண்டோரா போட்டு அறிவித்தபோது ஒரு சந்தையில் கலவரம் மூண்டது. போலீசார் சுட்டதில் ஓர் உயிர் போயிற்று.

போலீசார் பஞ்சாபுக்கும் ஆள் அனுப்பினார்கள். அங்கே சாமியாரின் குரு என்று ஒரு சாதுவைக் கண்டுபிடித்தார்கள். படத்தைப் பார்த்த அந்தச் சாது, இவன் என் சீடன் சுந்தர்தாஸ், பழைய பெயர் மால்சிங், லாகூர்ப் பக்கத்து ஆசாமி என்று மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் வாக்குமூலம் கொடுத்தார். சர்க்கார் தரப்புக்கு இது பலமான ஆயுதம் ஆயிற்று.

1,548 சாட்சிகள்!

சாமியார் பல ஆண்டு பொறுத்துப் பார்த்தார். 1930 ஏப்ரலில் டாக்கா கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். தாம் ரமேந்திர நாராயண் ராய் என்று தீர்ப்புச் சொல்லவேண்டும், தம் பங்குச் சொத்தைத் தரவேண்டும் என்பது கோரிக்கை. முதல் பிரதிவாதி, விபாவதி தேவி.

1933 நவம்பரில் விசாரணை ஆரம்பித்தது. நீதிபதி பன்னாலால் பாசு. வாதி தரப்பில் 1,069 சாட்சிகள். எதிர்த்தரப்பில் 479 பேர். ராஜ குடும்பத்தார், யானைப் பாகர்கள், குடியானவர்கள், டாக்டர்கள், போட்டோ நிபுணர்கள், ஓவியர்கள், சாதுக்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். சிவில் சர்ஜன் கால்வர்ட் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். அவருடைய சாட்சியம் அங்கேயே பதிவு செய்யப்பட்டது. மொத்தம் 608 நாள் விசாரணை!

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

அவர்தான் குமார் என்று சொன்னவர்களுக்கும் லாபம் இருந்தது. இல்லை என்றவர்களுக்கும் லாபம் இருந்தது. தம்பி வந்தால் அக்காளுக்கு அரண்மனையில் செல்வாக்குத் திரும்பும். குடியானவர்களுக்கு அன்னியச் சர்க்காருக்குப் பதில் சொந்த ராஜா கிடைப்பார். விபாவதிக்கோ, பங்குப் பணமும், அதை நிர்வகித்த அண்ணனின் செல்வாக்கும் போகும். சர்க்காருக்கு ஜமீனின் ஒரு பகுதி கைவிட்டுப் போகும். ஆயிரம் பேர் சத்தியம் செய்தாலும், யார் சொல்லை நம்புவது?

நீதிபதி பாசு ஒரு நல்ல வழி கண்டார். லாப நஷ்டம் பார்க்கத் தெரியாத ஒரு சாட்சியை அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டார். அந்தச் சாட்சி, வாதியின் உடம்பு!

கணுக்கால் தழும்பு

மேஜோ குமார் 1905-ல் 30 ஆயிரம் ரூபாய்க்கு ஆயுள் இன்சூரன்சு செய்திருந்தார். ஸ்காட்லாந்துக் கம்பெனி. அப்போது ஒரு டாக்டர் குமாரைச் சோதித்து அங்க அடையாளங்களைக் குறித்து வைத்திருந்தார். இடது கணுக்காலின் வெளிப்பக்கம் ஒழுங்கற்ற ஒரு தழும்பு என்பது அதில் ஒன்று. வண்டிச் சக்கரம் ஏறியதால் வந்த தழும்பு அது.

அந்தக் குறிப்பை எழுதியபோது டார்ஜிலிங் பயணமும் இல்லை, சாமியாரும் இல்லை, வழக்கும் இல்லை. யாருக்காகவும் பொய் எழுத வேண்டிய அவசியம் அந்த டாக்டருக்கு இல்லை. அந்தக் காகிதம் கோர்ட்டுக்கு வந்தது. வாதியின் காலைப் பார்த்தார்கள். தழும்பு அதே இடத்தில் இருந்தது!

அதோடு முடியவில்லை. செதில் செதிலான பாதம், அது குமாரின் குடும்பத்தில் பலருக்கு உண்டு. 6-ம் நம்பர் செருப்புக்கு அளவான சின்னக் கால். கன்னத்தோடு ஒட்டாத காது மடல். உடைந்த கடைவாய்ப் பல். வலது கையில் புலி நகம் கீறிய வடு. கண் இமையில் சிறிய சதைப் பொட்டு. பழைய நோய் விட்டுப் போன அடையாளங்கள். வெளியில் தெரியாத இடத்தில் இருந்த சின்ன மச்சம் வரை, ஒவ்வொன்றாக நீதிபதி பட்டியல் போட்டார்.

ஓர் அடையாளம் இருவருக்கு ஒத்துப்போகலாம். இரண்டும் ஒத்துப்போகலாம். இத்தனையும் வேறு ஒருவன் உடம்பில் ஒன்றாகக் கூடி இருக்க முடியுமா? முடியாது என்பது நீதிபதியின் முடிவு.

1936 ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. சாமியார்தான் மேஜோ குமார்! டாக்காவில் ஜனங்கள் தெருவில் கூடிக் கொண்டாடினார்கள். பஞ்சாப் மால்சிங் கதையை நீதிபதி தள்ளிவிட்டார். குமார் மாலையிலேயே இறந்ததாகக் கருதப்பட்டு, இரவிலேயே மயானத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டார் என்பதையும் ஏற்றுக்கொண்டார். நீதிபதி பாசு, சுதந்திரத்துக்குப் பிறகு மேற்கு வங்காளத்தின் கல்வி மந்திரியாகவும் இருந்தார்.

ஒரு மனைவியின் மறுப்பு

எதிர்த்தரப்பு சொன்னதையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது.

வங்காளியாகப் பிறந்து வளர்ந்தவர் வங்காளத்தை மறப்பாரா? சாமியார் பேசிய வங்காளத்தில் இந்தி வாடை அடித்ததே! நினைவு போயிற்று என்றால், தாதியின் பெயர் மட்டும் எப்படி ஞாபகம் வந்தது? குருவே பஞ்சாபி என்று சொன்னாரே!

எல்லாவற்றுக்கும் மேலே, தாலி கட்டிய புருஷனை மனைவிக்குத் தெரியாதா? விபாவதி சாட்சிக் கூண்டில் ஏறி, இவர் என் கணவர் அல்ல என்று உறுதியாகச் சொன்னார். கடுமையான குறுக்கு விசாரணையிலும் அவர் அசையவில்லை. பணத்துக்காகச் சொன்னாரா, அண்ணன் சொற்படி சொன்னாரா, அல்லது மனசாரச் சொன்னாரா? சட்டத்தால் அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியவில்லை.

லண்டன் வரை

விபாவதி தரப்பு கல்கத்தா ஐகோர்ட்டுக்கு அப்பீல் போயிற்று. காஸ்டெல்லோ, சாரு சந்திர பிஸ்வாஸ், லாட்ஜ் ஆகிய மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். விசாரணை முடிந்து காஸ்டெல்லோ இங்கிலாந்து போயிருந்த நேரத்தில் உலக யுத்தம் வெடித்தது. அவரால் திரும்ப முடியவில்லை. தீர்ப்பை எழுதி அனுப்பி வைத்தார்! 1940-ல் அது வாசிக்கப்பட்டது. காஸ்டெல்லோவும் பிஸ்வாசும் சாமியார் பக்கம். லாட்ஜ் மட்டும் நம்பவில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சாமியார் ஜெயித்தார். இந்த பிஸ்வாஸ்தான் பிற்காலத்தில் நேரு மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர்.

அதன் பிறகு லண்டன் பிரிவி கவுன்சில். அங்கே விசாரித்த மூவரில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்த சர் சி.மாதவன் நாயர்தான் அவர். கூட இருந்தவர்கள் தாங்கர்டன் பிரபு, டு பார்க் பிரபு.

1946 ஜூலை 30-ந் தேதி அப்பீல் தள்ளுபடி ஆயிற்று. கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் ஒரு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்திருந்தால், விசேஷக் காரணம் இல்லாமல் மேல் கோர்ட்டு அதில் தலையிடக்கூடாது என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. இந்த விதியை இன்றைக்கும் நம் நாட்டுக் கோர்ட்டுகளில் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஜெயித்த கையோடு...

இனி சந்தேகமே இல்லை. மூன்று கோர்ட்டுகளும் ரமேந்திர நாராயண் ராய் என்று முத்திரை குத்திவிட்டன.

செய்தி கல்கத்தாவுக்கு வந்தது. சாமி கும்பிட்டு நன்றி சொல்லப் போனார் குமார். அன்று மாலையே பக்கவாதம் தாக்கியது. இரண்டு நாளில் உயிர் பிரிந்தது!

முதல் மரணம் டார்ஜிலிங்கில், 24 வயதில். இரண்டாவது மரணம் கல்கத்தாவில், 62 வயதில். கடைசித் தீர்ப்பின் பலனை அனுபவிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. விபாவதியோ, கடவுளே தீர்ப்பு வழங்கிவிட்டார் என்று கருதினார். மூன்று கோர்ட்டும் சொன்ன பிறகும் அவர் மனம் மாறவில்லை.

அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. ஜெய்தேவ்பூர் பாகிஸ்தான் பக்கம் போயிற்று. 1950-ல் வந்த சட்டத்தால் கிழக்கு வங்காளத்தில் ஜமீன்களே ஒழிந்தன. எந்தச் சொத்துக்காக 16 ஆண்டு போராடினார்களோ, அந்தச் சொத்தும் இல்லை. பவால் அரண்மனை இப்போது காசிப்பூர் மாவட்ட நிர்வாக அலுவலகமாக இருக்கிறது. 1975-ல் உத்தம்குமார் நடித்த "சன்யாசி ராஜா" என்ற வங்காளப் படம் இந்தக் கதையைத் தழுவியது. 2018-லும் ஒரு படம் வந்தது. இந்த வழக்கை ஆராய்ந்து பார்த்தா சட்டர்ஜி என்ற அறிஞர் 2002-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி இருக்கிறது!

இந்தக் காலமாக இருந்தால் டி.என்.ஏ. சோதனை ஒன்று போதும். அக்காளின் ரத்தம் ஒரு துளி, தம்பியின் ரத்தம் ஒரு துளி. சில நாளில் விடை தெரிந்துவிடும். 1,548 சாட்சிகள் தேவை இல்லை.

ஆனால் அந்தச் சோதனைகூட, இவர் இன்னாருக்குப் பிறந்தவர் என்றுதான் சொல்லும். விபாவதி கேட்ட கேள்வி வேறு. திரும்பி வந்தவர், தம்மோடு வாழ்ந்த அந்த மனிதர்தானா என்பது அவர் கேள்வி. 12 ஆண்டு பிரிவில் முகம் மாறிற்று, பேச்சு மாறிற்று, நினைவும் மாறிற்று. அக்காள் தழும்பைப் பார்த்துத் தம்பியைக் கண்டுகொண்டார். மனைவிக்குத் தழும்பு போதவில்லை.

கோர்ட்டு, சொத்து யாருக்கு என்று சொல்லிவிட்டது. ஒரு வீட்டுக்குள் ஒருவர் யார் என்பதை முடிவு செய்கிற அதிகாரம், அந்த வீட்டாரிடமே நின்றுபோயிற்று.